பாறுகள் இறங்கிய பள்ளம்

"நீ உள்ளே போடா, யாவோர். நான் இறங்குறேன்" என்ற ஓக்னியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பாறுக்கழுகுகளை ஒளிந்திருந்து படமெடுக்கும் குடில்வரை வரும் இந்த ரோடோபி மலை ஏற்றம் அண்ணனுக்கு இப்போதெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை.

"இந்த நிலைமையில தனியா எப்படிண்ணே? பேசாம நீயும் குடிலுக்குள்ள உட்காரு."

"ரெண்டு பேரு வந்து ஒருத்தன் திரும்பினாத்தான்டா குடில் காலின்னு பாறுக்கழுகு நம்பும். அதுக்கு எண்ணத் தெரிஞ்சிருந்தா நம்ம பொழப்பு நாறிடும். என்ன ஆனாலும் சாயங்காலம் வரைக்கும் தலையை வெளியே நீட்டாதே!"

குடிலுக்கு முன்னால் இரையாகப் போட்டிருந்த செத்த ஆட்டில் ஓக்னியன் ஒரு தொடையை அறுத்துக் கோணிப்பையில் திணித்துக்கொண்டான். "வீட்டு நாய்க்குடா" என்றான். "ஆனாலும், இப்படிப் பெட்டிக்குள்ள ஒளிஞ்சு எடுக்கிறதெல்லாம் ஒரு படமா?" என்று வழக்கமான நக்கலையும் உதிர்த்துவிட்டுத் தள்ளாடி இறங்கினான்.

யாவோர் கேமராவில் கண்ணை வைத்துக் காத்திருந்தான். ஒரு பாறுகூட ஆட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எரிச்சலோடு வானத்தைத் துழாவினான். எல்லாம் கீழே ஒரு பள்ளத்துக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அது அண்ணன் போன பாதை.

போன் செய்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணி வெலிகாவைக் கூப்பிட்டான்.

"இன்னும் வீட்டுக்கு வரலையே தம்பி. உன்கூட இல்லையா?"

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாறு இறக்கையை ஒடுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. நடமாடுகிற எதன் பக்கத்திலும் பாறு இறங்காது என்பது அவனுக்குத் தெரியும். 

கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினான். முள் கிழித்தது, விழுந்து எழுந்தான். அந்த நிலைமையில் அவனைத் தனியாக அனுப்பினேனே என்று தன்னையே சபித்துக்கொண்டான். "கடவுளே, எங்கண்ணனை விட்டுடு! எங்கண்ணனை விட்டுடு!" என்று வாய்விட்டு அழுதான்.

பள்ளத்தில் ஓக்னியன் குப்புறக் கிடந்தான், அசைவே இல்லை. சுற்றிலும் பாறுகள். ஒன்று அவன் முகத்துக்கு நேராகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏய்! போ! போ!" கையில் கிடைத்த கல்லையெல்லாம் வீசினான். பாறுகள் படபடவென்று கிளம்பின. ஓடிப்போய் மண்டியிட்டு அண்ணனைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டான்.

"அண்ணே! கண்ணைத் திறண்ணே!"

ஓக்னியன் திறந்தான். அவன் கையில் கேமரா இருந்தது; கிடந்த இடத்தில் அந்த ஆட்டுத் தொடை.

"கெடுத்தியேடா பாவி, படம் முழுக்க அதோட கண்ணு மட்டும்தான் இருந்துச்சு!"