உப்புத்தாளின் மறுபக்கம்

சாப்பாட்டு நேரம் என்பதால் வெண்ணந்தூரில் தறிச்சத்தம் அடங்கியிருக்கிறது. வாத்தியம் பழுதுபார்க்கும் பட்டறையின் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பழைய வயலினின் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார் கந்தவேல். "இன்னமும் தடிப்பாத்தான் இருக்குதுங்ணா. சுண்டுவிரல் எட்டவே மாட்டேங்குது" என்கிறார் எதிரே சம்மணமிட்டிருக்கும் நர்மதா டீச்சர். ஒரே மாதத்தில் இது மூன்றாம் தடவை. வெள்ளிக்கிழமை கோயிலில் கச்சேரி வேறு இருக்கிறது. இரண்டு தடவை இழைத்தாயிற்று. இனி மயிரிழை குறைத்தாலும் கம்பிகளின் இழுப்பில் கழுத்து வளைந்துவிடும். மடியில் தன்பாட்டுக்கு நடுங்கும் டீச்சரின் இடது கையை வலது கை வந்து அமுக்கிக்கொள்கிறது. கந்தவேல் பார்க்காதவர்போல் குனிகிறார். "இன்னும் ஒரு தேய்ப்புத் தேச்சுடறேனுங்க டீச்சர்" என்று, உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்து அதன் வழவழப்பான முதுகால் தேய்க்கிறார். சரசரவென்று சத்தம் மட்டும் வருகிறது. பழக்கத்தில் வாயால் ஊதியும் விடுகிறார். டீச்சர் வயலினை வாங்கி, அதன் தலைச்சுருளைக் காலில் ஊன்றி, விரல்களில் எண்ணெய் தொட்டு வாசிக்கிறார். மூன்று விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. சுண்டுவிரல் கம்பிக்கு மேலே நின்று துடிக்கிறது. வில் நிற்கிறது. கந்தவேலின் மடியில் விரித்திருக்கும் கறுப்புத் துணியையே டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன தடவை அதில் மரத்தூள் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தது. இன்று பொட்டுத் தூள் இல்லை. கந்தவேல் துணியைச் சுருட்டப் போகிறார். அதற்குள் டீச்சர் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். "இப்பச் சரியாப் போச்சுங்ணா. நல்லாவே எட்டுது."