காரம் வேண்டாம்

பள்ளியில் ஃபோம் டப்பா ஒழிப்புக் குழுவுக்கு நான்தான் தலைவி. சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சோதனை போடுவேன். அன்று கடைசி பெஞ்சுப் பெண் வெள்ளை டப்பாவோடு கையும் களவுமாகச் சிக்கினாள்.

"நேத்துதானே சொன்னேன்? இன்னைக்கும் ஃபோம் டப்பாவா?"

"இது பழசுதான் டீச்சர். தூக்கிப்போட மனசு வராம கழுவிக் கழுவி வெச்சிருக்கேன்."

"மண்ணுல புதைச்சாலும் மக்காத சனியன் இது! உனக்கு எத்தனை தடவை சொன்னாலும் செவிடன் காதுல ஊதின சங்குதான்."

வகுப்பே சிரித்தது. அவள் இரண்டு கைகளாலும் மூடியை இறுக்கி மறைத்துக்கொண்டாள்.

"தப்புன்னு தெரிஞ்சுதானே மறைக்கறே? குடு இங்க!"

"இங்க வேண்டாம் டீச்சர். வெளிய வாங்க, தனியாத் தர்றேன்."

வெடுக்கென்று பிடுங்கி, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தேன்.

சிரிப்பு நின்றது. மூடியில் அழியாத மையில் எழுதியிருந்ததை முன் பெஞ்சில் ஒருத்தி உரக்கப் படித்தாள்.

"சயின்ஸ் டீச்சர். காரம் வேண்டாம்."

போன மாதம் எங்கள் குழுவின் முதல் கூட்டத்துக்குக் கடையிலிருந்து சாப்பாடு வரவழைத்தோம். என்னுடையது மாறிவிடக் கூடாதென்று அப்படி எழுதச் சொன்னது நான். சாப்பிட்டு முடித்ததும், "இதைக் குப்பையில போட்டுடும்மா" என்று இவளிடமே நீட்டியதும் நான்.

டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அவள் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டு, என் காதோடு சொன்னாள்:

"அதான் டீச்சர், நான் மூடியிலேர்ந்து கையை எடுக்கல."