முழு மதிப்பெண்

ரசாயனக் கழிவுக் கிடங்கில் வேலை பார்ப்பவர்கள் மாதந்தோறும் ஆன்லைன் பயிற்சியை முடித்தால்தான் சான்றிதழ் செல்லும். தேசிங்கின் பயிற்சியை எப்போதும் அவன் மனைவி அஞ்சுகம்தான் முடிப்பாள்.

“சகாயம் செத்ததுலேர்ந்து அவன் ஷிப்டும் என் தலையிலதான். நீயே முடிச்சிடு. பெயிலானா கேட்டுக்குள்ள வுடமாட்டானுங்க” என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டான்.

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கடைசிக் கேள்விக்கு வந்தாள். திரையில் ஒரு கிடங்கு அறை. கதவு பாதி மூடியிருந்தது. உள்ளே மஞ்சள் புகை. மாஸ்க் போட்ட ஒருவன் வாசலை நோக்கித் தடுமாறி வந்துகொண்டிருந்தான்.

‘விஷவாயுக் கசிவு. கதவை மூடலாமா, திறக்கலாமா?’

மூட வேண்டும். பாடத்தில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். விரலைக் கொண்டுபோனவள் அவனுடைய இடது பூட்ஸைப் பார்த்தாள். அறுந்துபோன கயிற்றுக்குப் பதிலாகப் பச்சை நாடா. காலையில் தன் பாவாடையிலிருந்து உருவி அவளே கட்டிவிட்டது.

“ஐயோ, என் வூட்டுக்காரரு!”

‘திறக்கலாம்’ என்பதை அழுத்தினாள். கதவு திறந்தது. வெளியே வந்து விழுந்தவன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு இருமினான். தேசிங்கேதான்.

‘தவறான விடை. சான்றிதழ் ரத்து.’

போன மாதமும் இதே கேள்வி வந்தது. யோசிக்காமல் மூடினாள். உள்ளே இருந்தவன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். முழு மதிப்பெண் கிடைத்தது.

அன்று சாயங்காலம்தான் சகாயத்தின் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள்.