மாட்டுங்கா, 1952

"அந்தப் படத்தை மட்டும் எடுத்திருங்கம்மா."

ஏணியில் நின்றிருந்த ஷைனி திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர். கையில் கண்காட்சி அழைப்பிதழ்.

"இன்னும் திறக்கலையே சார். அஞ்சு மணிக்குத்தான்."

"தெரியும்மா. அதான் முன்னாடியே வந்தேன்."

ஷைனிக்கு எரிச்சல் வந்தது. மணி நாலேகால். பாதிப் படம் இன்னும் தரையில் கிடக்கிறது. மைக் வரவில்லை. என்னென்ன படம் என்று நேற்று ராத்திரி சொன்னதிலிருந்து அம்மா வேறு ஒரு மாதிரி; காலையிலிருந்து மூன்று தடவை போன். "நான் கண்டிப்பா வரணுமா, ஷைனி?" என்று. அழைப்பிதழில் திறந்து வைப்பவர் என்று பேரே போட்டாகிவிட்டது. இப்போது போய்க் கேட்கிற கேள்வியா?

சேசுராஜ் என்ற ரயில்வே குமாஸ்தா எடுத்த படங்கள் அவை. நாடு விடுதலையான முதல் பத்து வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவோடு கிளம்பிவிடுவாராம். தாராவிக் குழாயடி, ரேஷன் வரிசை, தோல் கொட்டகை, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள். பெட்டிக்குள் கிடந்த நெகட்டிவ்களைத் தேடிப் பிடித்துச் சுவருக்குக் கொண்டுவர ஷைனிக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

பெரியவர் காட்டியதுதான் அவற்றில் ஆகப் பெரிய படம். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருந்தாள். கல்யாண மண்டபத்துப் பின்பக்கம். எச்சில் இலைக் குவியல். முகத்தில் முடி சரிந்த ஒரு சிறுமி, இலையிலிருந்து வழித்த சோற்றை ஒரு சின்னப் பையன் வாயில் ஊட்டுகிறாள். கீழே, 'மாட்டுங்கா, 1952'.

"எதுக்கு எடுக்கணும்?"

"அந்தப் பையன் நான்தான். பேரு இசக்கிமுத்து. தாராவியில தோல் பை கடை வச்சிருக்கேன்."

ஷைனி ஏணியிலிருந்து இறங்கிவிட்டாள். இரண்டு வருஷமாக அவள் தேடிய ஆள்.

"சார், இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நீங்களே மைக்ல நாலு வார்த்தை பேசணும். அந்தப் பொண்ணு யாரு?"

"எதுத்த வீட்டுப் பிள்ளை. இப்ப எங்க இருக்கோ, என்னமோ. நீங்க படத்தை எடுங்க."

"ஏன் சார்?"

"கேவலமா இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது.

"பசிச்சுச் சாப்பிட்டதுல என்ன சார் கேவலம்?"

"என் பேரப்பிள்ளைக வருவாங்க. சம்பந்தி வீட்டு ஆளுக வருவாங்க. தாத்தா எச்சி இலை பொறுக்குனவர்னு தெரியணுமாக்கும்?"

"சரி. உங்களை மட்டும் வெட்டிட்டுப் பிரிண்ட் போடுறேன். பொண்ணு மட்டும் இருக்கட்டும். அரை மணி நேரத்துல ஆயிடும்."

"வேண்டாம்." குரல் சட்டென்று உயர்ந்தது. "முழுசா எடுக்கணும். இல்லைன்னா நான் இங்கதான் உக்காருவேன். வர்றவுக எல்லார்கிட்டயும் சொல்லுவேன், என்னைக் கேக்காம என் மூஞ்சிய மாட்டிருக்காங்கன்னு."

படம் மாட்டிக்கொண்டிருந்த ஜஹாங்கீர் சுத்தியலோடு இவளையே பார்த்தார். "நிகாலூம் க்யா, மேடம்?" எடுத்துவிடவா என்று கேட்டார்.

மணி நாலு நாற்பது. வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சண்டை போட நேரமில்லை.

"நிகாலோ," என்றாள்.

படம் இறங்கியது. சுவர் நடுவில் பெரிய வெள்ளை இடம். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆறவில்லை.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க அம்மாவும் தாராவிதான். தாத்தா மில்லுல மேஸ்திரி. பசின்னா என்னன்னே தெரியாம வளர்ந்தவங்க. ஹெட்மிஸ்ட்ரஸா ரிடையர் ஆனாங்க. அவங்களே இந்தப் படத்தைப் பார்த்தா அந்தப் பொண்ணைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க. உங்களுக்கு ஊட்டின கைய இப்படிச் சுவத்துலேர்ந்து எறக்கி வச்சுட்டீங்களே. காசு வந்தா இவ்வளவுதானா?"

பெரியவர் தலையை ஆட்டினார். ஆனால் கிளம்பவில்லை. படத்தைத் திருப்பி, முகம் சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி மூலையில் சாய்த்துவிட்டு, அதை மறைத்தாற்போல் நின்றுகொண்டார்.

ஐந்து மணிக்குச் சீத்தா கேம்ப் வீட்டிலிருந்து டாக்ஸி வந்தது. வெளுத்த காட்டன் புடவையில் அம்மா ஜோஸ்பின் இறங்கினாள். எண்பத்தொரு வயசு. உள்ளே வந்தவள் மகளைக்கூடப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று, ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு சுவராகத் தேடினாள்.

குத்துவிளக்குக்குத் தீப்பெட்டி எடுக்கக் குனிந்த ஷைனி, அந்தப் பெரியவர் விறுவிறுவென்று அம்மாவிடம் போவதைப் பார்த்தாள். இங்கேயும் வம்பா என்று பின்னாலேயே ஓடினாள்.

அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எடுத்தாச்சுக்கா, பயப்படாம வாங்க. எனக்குத்தான் கேவலமா இருக்குன்னு சொல்லிட்டேன். உங்க மகளுக்கு ஒண்ணும் தெரியாது."