எழுபத்திநாலில் பிறந்த அண்ணன்

“கறி கருகுது பாரு! உனக்கு மலை ஏறத்தான் தெரியும் கிஹோ, கறி திருப்பத் தெரியாது” என்றார் மான்சிக்.

“சரிங்கண்ணே” என்று கிஹோ இடுக்கியால் பன்றிக்கறியைத் திருப்பிப் போட்டான். அடுப்புப் பக்கம் உட்காருவது எப்போதும் அவன்தான். புகை அவனுக்கு, முதல் துண்டு அண்ணனுக்கு.

தென்கொரியாவில் சியோல் நகரத்து ஓரம், தோபோங் மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தக் கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கியதும் மலையேற்றச் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர்கள் இருவரும் மட்டும் நேரே இங்கே வந்துவிடுவார்கள்.

கிஹோ பிறந்தது எழுபத்தேழில். மான்சிக் சங்கத்தில் சேர்ந்த அன்றைக்கே, “நான் எழுபத்திநாலு” என்று சொல்லிவிட்டார். தலையில் முடியும் இல்லை, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக அவர் பையைத் தூக்குவது கிஹோ. பெரியவர்களுக்கு ஊற்றுகிற முறைப்படி இரண்டு கையாலும் பிடித்துச் சோஜு மது ஊற்றுவது கிஹோ. அவர் எதிரில் குடிக்கும்போது மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கிஹோதான்.

“சித்தி! இன்னொரு தட்டு கழுத்துக்கறி!” என்று கடைக்காரம்மாவைக் கூப்பிட்டார் மான்சிக்.

அதே நேரம் பக்கத்து மேசையில் இருந்த சிவப்புத் தொப்பிக்காரரும் கூப்பிட்டார். “சித்தி, இங்க ஒரு கழுத்துக்கறி!”

“ஐயையோ, ஒரே ஒரு தட்டுதான் மிச்சம் இருக்கு” என்றாள் கடைக்காரம்மா. “உங்க ரெண்டு பேர்ல யார் பெரியவரோ அவருக்குத் தர்றேன். நீங்களே பேசி முடிச்சுக்குங்க.”

பேசி முடிப்பதாம்! நம்ம ஊரில் இந்தக் கேள்வி எங்கே பேசி முடிந்திருக்கிறது?

“அப்ப எனக்குத்தான்” என்றார் தொப்பிக்காரர். “தம்பி, நீ சூப்பைக் குடிச்சுட்டுக் கிளம்பு.”

“தம்பியா? யாருக்கு யாருய்யா தம்பி? நான் எந்த வருஷம் பிறந்தவன் தெரியுமா?”

“எந்த வருஷமா இருந்தா என்ன? நான் எழுபத்தஞ்சு!”

“நான் எழுபத்திநாலு!” மான்சிக் மேசையில் ஓங்கித் தட்டினார். கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணம் குதித்தது.

“வழுக்கையைக் காட்டி ஏமாத்தப் பாக்கறியா? அடையாள அட்டையை எடு, பார்க்கலாம்!” தொப்பிக்காரர் தன் அட்டையை எடுத்து மேசையில் அறைந்தார். எழுபத்தஞ்சுதான், சந்தேகமே இல்லை.

கடையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

மான்சிக் சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார். “அட, பர்சை வீட்டிலேயே விட்டுட்டேன் போலிருக்கே!”

“பார்த்தீங்களா சித்தி, ஆள் நழுவறதை!”

கிஹோவுக்கு ரத்தம் கொதித்தது. அண்ணனையா சொல்கிறான்!

“இல்லண்ணே, பர்ஸ் உங்க பையிலதான் இருக்கு. முன்பக்க ஜிப்புல. நான்தானே தூக்கிட்டு வந்தேன்!”

“விடு கிஹோ. போயும் போயும் ஒரு தட்டு கறிக்காக...”

“கறி கெடக்குதுண்ணே. உங்க மரியாதை என்ன ஆகறது?”

“டேய், சொன்னாக் கேளுடா!”

அதற்குள் கிஹோ ஜிப்பைத் திறந்து, பர்சை எடுத்து, அட்டையையும் உருவிவிட்டான். பிறந்த வருஷத்தைப் பார்த்தான். கண்ணில் புகை பட்டிருக்கும் என்று துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

எழுபத்தொன்பது.

தன்னைவிட இரண்டு வயது சின்னவன்!

நிமிர்ந்து மான்சிக்கைப் பார்த்தான். இனிமேல் அவர் என்ன அவர்? அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கண்ணாலேயே கெஞ்சினான்.

“என்னப்பா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறியா? சத்தமாச் சொல்லு, நாங்களும் கேக்கறோம்” என்றார் தொப்பிக்காரர்.

கிஹோ அட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டான். உள்ளதைச் சொன்னால் போதும், மான்சிக் அதோடு தொலைந்தான். இந்தக் கடைக்கும் வர முடியாது, சங்கத்திலும் தலைகாட்ட முடியாது.

“எழுபத்திநாலு!” என்றான் கிஹோ, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. “அதுவும் ஜனவரி மாசம்!”

யாரும் கேட்பதற்குள் அட்டையைப் பர்சில் செருகி, பர்சைப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டான்.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்தார். “மன்னிச்சிடுங்கண்ணே. பெரியவர்னு தெரியாமப் பேசிட்டேன்.” கறித் தட்டைக் கடைக்காரம்மா கையிலிருந்து வாங்கி, தானே கொண்டுவந்து மான்சிக் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

மான்சிக்கின் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சோஜு பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, கிஹோவின் கோப்பையில் ஊற்றப் போனான்.

“கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்” என்றான். “கிஹோ... கிஹோ அண்ணே, எதுக்காக என்னைக் காப்பாத்துனீங்க?”

“ஒரு கையை எடுடா மூதேவி, எல்லாரும் பாக்கறாங்க!” கிஹோ பல்லைக் கடித்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். “உன்னை யாருடா காப்பாத்துனது? ஒரு பொடிப்பயலுக்கு ஒன்பது வருஷமா கறி சுட்டுப் போட்டு, மூட்டையும் தூக்கினேன்னு சங்கத்துல தெரிஞ்சா, நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? செத்தாலும் நீ எழுபத்திநாலுதான்!... சாப்பிடுங்கண்ணே, கறி ஆறிடப் போகுது.”