வாளித் தண்ணீர்

பசிபிக்கில் பெரிய நிலநடுக்கம் என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வெகு தொலைவில், பலெர்மோ நகரின் நான்காம் மாடி வீடொன்றில், மாக்கிரட் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை நனைக்கக் குனிந்தாள். வாளித் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. மறுபக்கம் அடி காய்ந்து தெரிந்தது.

இரண்டாயிரத்து நான்கில் ஊரில், மணற்காட்டுக் கடலும் இப்படித்தான் உள்வாங்கியது. மீன் பொறுக்க ஓடிய தம்பி திரும்பவில்லை.

படுக்கையில் கிடந்த, ‘சிஞோரா’ என்று அவள் அழைக்கும் வீட்டுக்காரக் கிழவியை அள்ளித் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். கிழவி அலறினாள். “பேசாமல் இருங்கோ, சிஞோரா” என்று தமிழிலேயே அதட்டினாள்.

மேலே நல்ல வெயில். துறைமுகத்தில் கடல் அசையாமல் கிடந்தது. வெட்கத்தோடு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். வியா மக்வேதா தெரு நெடுகிலும், ஒவ்வொரு மொட்டைமாடியிலும், ஒரு தமிழ்ப்பெண் தன் வீட்டுக் கிழவியைச் சுமந்தபடி நின்றாள்.

எதிர்மாடியிலிருந்து றம்யா கத்தினாள்.

“அக்கா, உங்கடை வாளியிலையுமோ?”