வெல்டர் சொன்ன ஏரி

“துரோகம். இதுக்கு வேற என்ன பேர் வெக்கறது?”

ஸ்டோர்கீப்பர் சாப்பாட்டு டப்பாவை மூடிய வேகத்தில் மேஜையே ஆடியது.

பஸ் பணிமனையின் சாப்பாட்டு அறையில் அன்று விசாரணை. குற்றவாளியான வெல்டர் லீவு. அதனால் ஸ்டோர்கீப்பரே வக்கீல், அவரே நீதிபதி. கேட்பதற்குப் பெயின்டர் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். குளிர்காலம் முடிந்து நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும், இந்த நண்பர்கள் இரண்டு நாள் மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பத்து வருஷமாக ஒரே ஏரி. ஒரே சட்டம். வருஷத்தின் முதல் தூண்டிலை எல்லோரும் வரிசையாக நின்று ஒன்றாகத்தான் போட வேண்டும். அதற்கு முன்னால் யாரும் தனியாகப் போய் நூலை நனைக்கக் கூடாது.

இந்த வருஷம் வெல்டர், யாருமே பார்த்திராத ஏதோ ஓர் ஏரியைச் சொல்லி, அங்கேதான் போகணும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஏன் என்று கேட்டால், “அப்புறம் சொல்றேன்” என்பதோடு சரி.

“ஆழம் தெரியாது. என்ன மீன் கிடக்குன்னு தெரியாது. எந்த இரைக்கு வரும்னு தெரியாது. போனாப் போகுதுன்னு நானும் தலையாட்டினேன். இப்ப உன் மச்சான் என்ன சொன்னான்? இன்னொரு தடவை சொல்லு.”

பெயின்டர் தயங்கினார். “அந்தப் பக்கம் லோடு ஏத்திட்டுப் போனப்ப பார்த்தானாம். போன ஞாயித்துக்கிழமையும், அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையும் வெல்டர் அண்ணன் அந்த ஏரிக்கரையிலதான் இருந்தாராம். தனியா.”

“பார்த்தியா? இவன் முன்னாடியே போய் நல்ல மீனையெல்லாம் வாரிக்கிட்டு வந்துடுவான். நாம போய்த் தண்ணியை வேடிக்கை பார்க்கணும். மீன் போனாப் போகட்டும்பா. இருபது வருஷமா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டவன் என்கிட்டயே மறைச்சான் பாரு, அதைத்தான் தாங்க முடியலை. கூட்டாளிகிட்ட பொய் சொல்றவனை நான் மனுஷனாவே மதிக்க மாட்டேன்.”

அடுத்த ஞாயிறு காலை இருவரும் வெல்டர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

“அவர் அப்பவே கிளம்பிட்டாரே அண்ணே,” என்றாள் வெல்டரின் மனைவி. “ஏரிக்குப் போறேன்னு சொன்னார்.”

“தூண்டில் எடுத்துட்டுப் போனானா தங்கச்சி?”

“கவனிக்கலைண்ணே. வேன்ல என்னென்னமோ ஏத்தினார்.”

ஸ்டோர்கீப்பர் பெயின்டரை ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கார் ஏரியை நோக்கிப் பறந்தது.

பாதி வழியில் பெயின்டர் மெல்லக் கேட்டார். “அண்ணே, நம்ம டிரைவர் அண்ணனுக்கு இந்தப் பயணம் தெரியுமா?”

டிரைவர் அவர்கள் கூட்டத்திலேயே மூத்தவர். போன வருஷம் ஒரு விபத்தில் இரண்டு காலும் செயலிழந்து வீட்டோடு கிடக்கிறார்.

“அவருக்கு எதுக்குத் தெரியணும்? இந்த வருஷம் பயணமே கிடையாதுன்னு போன்ல சொல்லிட்டேன். நானும் வரேன்னு ஆசைப்பட்டுட்டார்னா யாரு தூக்கிச் சுமக்கறது? ரெண்டு நாளும் நமக்கு நர்ஸ் வேலைதான் மிஞ்சும்.”

“பொய் சொன்னீங்களா?”

“அது பொய் இல்லப்பா. பக்குவமா சொல்றது.”

பக்குவத்தை விளக்கிவிட்டு, மறுபடியும் வெல்டரின் துரோகத்துக்கு வந்தார். ஏரி வரும்வரை வாய் ஓயவில்லை.

கரையில் வெல்டரின் வேன் நின்றது. இருவரும் பூனை மாதிரி இறங்கிப் போனார்கள்.

வெல்டர் கையில் தூண்டிலே இல்லை. ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கல் மூட்டை. கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, சரிவில் தண்ணீரைப் பார்த்து உருண்டு வந்தார். கரையோரத்தில் பிரேக்கைப் பிடித்தார். நாற்காலி நின்றது.

“என்னடா கூத்து இது?” ஸ்டோர்கீப்பர் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

“வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு, இந்த மூட்டையைக் கொஞ்சம் இறக்குங்க. நான் ஒல்லி, டிரைவர் அண்ணன் நல்ல கனம். அவர் எடைக்குச் சரியா இருக்கட்டும்னு கல்லைப் போட்டேன்.”

பெயின்டர் மூட்டையை இறக்கினார்.

“முதல் வாரம் சக்கரம் மண்ணுல புதைஞ்சுது. அகலமான சக்கரமா வெல்டு வெச்சேன். போன வாரம் பிரேக் பிடிக்கலை, நேரா தண்ணிக்குள்ளே போயிட்டேன். இன்னைக்குத்தான் நின்னுது. பழைய ஏரியில அறுபது படி இறங்கணும். இங்கே படியே கிடையாது. அதான் இந்த ஏரி.”

“இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?” ஸ்டோர்கீப்பரின் கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

“சரிப்பட்டு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள டிரைவர் அண்ணனே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ அவர்கிட்ட இந்த வருஷம் பயணமே இல்லைன்னு சொன்னியாமே?”

ஸ்டோர்கீப்பர் பெயின்டரைப் பார்த்தார். பெயின்டர் ஏரியைப் பார்த்தார்.

“‘நான் இல்லாம போக அவனுக்கு மனசு வரலைடா. எனக்காக எல்லாத்தையும் நிறுத்திட்டான். எப்படியாவது பேசி அவனைக் கூட்டிட்டுப் போ’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார்.”

“நீ... நீ என்ன சொன்னே?”

வெல்டர் பிரேக்கை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

“‘ஆமாண்ணே, அவன் அப்படித்தான்’னு சொல்லிட்டேன்.”